கண்ணாடி அறையும் நீள மேசையும்

"வரீங்களா, வரலையா? ஒரே வார்த்தையில சொல்லிடுங்க!"

சமையலறையிலிருந்து அவள் போட்ட கேள்வி கூடத்தைச் சுற்றிவிட்டு அவளிடமே திரும்பி வந்தது. கூடத்தில் ஆள் இல்லாமல் இல்லை. வீட்டுக்காரர் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு ஏதோ வேற்று நாட்டுப் படம் பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் வரி வரியாக எழுத்து ஓடுகிற படம். கொஞ்ச காலமாக அவருக்கு அந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. நம் மொழியில் பேசுகிற படத்தைப் போட்டால் எழுந்து போய்விடுவார். புரியாத மொழியில் எவளோ ஒருத்தி அழுதால் கண் கொட்டாமல் பார்ப்பார். கட்டின பெண்டாட்டி தொண்டை கிழியக் கத்தினால் மட்டும் திரும்பிப் பார்க்க மாட்டார்.

அவள் கரண்டியைத் தொட்டியில் எறிந்துவிட்டு வந்து டி.வி.யை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி வந்துட்டே இருக்கான். சட்டையை மாத்துங்க."

"எங்க போறோம்?"

"எங்கயா? காலையில இருந்து கரடியா கத்திட்டு இருக்கேன், எங்கயாம்! பழைய பஸ் ஷெட்டுல புதுசா ஹோட்டல் திறந்திருக்காங்கன்னு சொன்னேனா இல்லையா? ஊரே அங்கதான் போகுது."

"எனக்கு வயிறு ஒரு மாதிரி இருக்கும்மா. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்களேன்."

வயிறாம் வயிறு! போன தடவை முழங்கால். அதற்கு முந்தின தடவை தலைவலி. இப்படியே போனால் அவர் உடம்பில் சாக்குச் சொல்ல மூக்கு ஒன்றுதான் பாக்கி இருக்கும் என்று அவளுக்கு வயிறெரிந்தது.

இத்தனைக்கும் இந்த மனிதர் ஒரு காலத்தில் வீடு தங்காத ஆள். தகர டப்பா செய்கிற ஆலையில் வேலை. வேலை முடிந்து வந்ததும் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு, "கிளம்பு, கிளம்பு" என்று அவளைக் கிளப்புவார். கடைத்தெரு விளக்கு எரிகிற நேரத்துக்கு இருவரும் அங்கே இருந்தாக வேண்டும். வாங்குவதற்கு ஒன்றும் இருக்காது. சும்மா நடப்பார்கள். டீக்கடை வாசலில் நின்று முன்பின் தெரியாத ஆட்களோடு வாயடிப்பார். சினிமா விட்டு வருகிற கூட்டத்தைப் பிடித்து, படம் எப்படி என்று கேட்டு, பார்க்காத படத்துக்கு விமர்சனமும் சொல்லுவார். ஆலையில் அவருக்கு ரேடியோ என்று பேர். போட்டால் நிற்காது என்பதால் வைத்த பேர். பகலெல்லாம் அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில், அவர் ஆலையில். மகனும் வெளியூரில் படிக்கப் போன பிறகு, அவர்கள் குடும்பம் நடத்தியதே ராத்திரித் தெருக்களில்தான் என்று சொல்ல வேண்டும்.

அப்புறம் அவரை இயந்திரக் கூடத்திலிருந்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். "புரமோஷன்மா, நிம்மதியான வேலை" என்று சொல்லிக்கொண்டு வந்தார். நிம்மதி எப்படி வந்ததோ, கூடவே உம்மணாமூஞ்சியும் வந்துவிட்டது. கூப்பிட்டால் வரமாட்டார். வந்தாலும் இடிச்ச புளி மாதிரி உட்கார்ந்திருப்பார். இத்தனை வருஷம் இரைச்சலில் கிடந்த மனிதர், சத்தமே பிடிக்காமல் போய்விட்டது போல என்று அவள் நினைத்தாள். நினைத்ததோடு நிற்காமல் தேடித் தேடி அமைதியான இடமாகக் கூட்டிப் போனாள். ஒரு ஹோட்டலில் மேசைக்கு ஒரு மெழுகுவர்த்திதான் வெளிச்சம். கரண்டி தட்டில் பட்டாலே நாலு பேர் திரும்பிப் பார்க்கிற இடம். அவளும் குரலைத் தாழ்த்தி, ஆசையாக என்னென்னவோ பேசினாள். அவர் இருட்டையே பார்த்துக்கொண்டு "ம், ம்" என்றார். சுவரோடு பேசியிருந்தால் சுவருக்காவது கொஞ்சம் வெட்கம் வந்திருக்கும்.

கடையில் கூட வேலை செய்கிற பெண்கள் சனிக்கிழமைதோறும் கூட்டமாக வெளியே போகிறார்கள். இவளையும் கூப்பிடுவார்கள். "இல்லப்பா, அவர் இன்னைக்கு வரேன்னு சொல்லியிருக்கார்" என்று பொய் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவுவாள். கழுவிக் கழுவி அலுத்துவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து அவர்களோடு போவது என்று முடிவு பண்ணியாகிவிட்டது. அது பெரிய விஷயமா என்றால் வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு இல்லை. அவளுக்குத் தெரியும். ராத்திரியும் ஆளுக்கொரு பக்கம் என்று ஆகிவிட்டால் அந்த வீட்டில் அவர்கள் இரண்டு வாடகைக்காரர்கள்தான்.

அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து சொன்னாள்.

"இதுதான் கடைசி. இன்னைக்கு நீங்க வரலன்னா, இனிமே நான் கூப்பிடவே மாட்டேன். நான் பாட்டுக்குப் போவேன், நீங்க பாட்டுக்கு இருங்க. சத்தியமா சொல்றேன்."

அவர் அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார்.

பஸ் ஷெட் ஹோட்டல் வாசலிலேயே இரைச்சல் ஆளைத் தள்ளியது. தகரக் கூரை, இரும்புத் தூண்கள். பஸ் கழுவுகிற இடமாக இருந்த நடுப்பகுதியில் நாலு பக்கமும் திறந்த சமையல்கட்டு. அதைச் சுற்றி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீள நீளமான மேசைகள். தனி மேசை என்ற பேச்சே கிடையாது. புதிதாக ஆள் வந்தால் பெஞ்சில் இருக்கிற மொத்தப் பேரும் "தள்ளு, தள்ளு" என்று நகர்ந்து இடம் பண்ணுவார்கள். பரிமாறுகிறவர்கள் எதையும் எழுதிக்கொள்வதில்லை. கேட்டதை எல்லாம் மனசில் வாங்கிக்கொண்டு, ஒரு இரும்பு முக்காலியில் ஏறி நின்று சமையல்கட்டைப் பார்த்துக் கத்துவார்கள். "வறுத்த மீன் நாலு! சூப் ஆறு! ஒண்ணு காரமில்லாம!" உடனே உள்ளே இருக்கிற சமையல்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். குரல் சரியாக எழும்பவில்லை என்றால் சாப்பிடுகிற கூட்டமே சேர்ந்து இன்னொரு தரம் கத்தும். அந்தக் கத்தலுக்காகவே பாதிப் பேர் வருகிறார்கள் என்று தோன்றியது.

அவளுக்கு உள்ளே நுழைந்ததுமே கால் பரபரத்தது. ஆனால் அவள்தான் முந்தின நாளே போன் போட்டு, அமைதியான இடமாக வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தாளே! "அமைதியான இடமா? இங்கயா?" என்று போனில் ஒருவன் சிரித்துவிட்டு, பழைய ஆபீஸ் அறை ஒன்று இருக்கிறது, கண்ணாடி போட்டது, வேண்டுமானால் அதில் மேசை போட்டுத் தருகிறோம் என்றான். சொன்னபடியே போட்டு வைத்திருந்தான், பாவி.

கண்ணாடிக் கதவைச் சாத்தியதும் வெளியே வாய்கள் மட்டும் அசைந்தன. உள்ளே மின்விசிறி முனகியது. அதோடு அவள் தம்பியும் முனகினான். அவன் நல்ல பிள்ளை. ஆனால் வாயைத் திறந்தால் காற்று போய்விடும் என்கிற மாதிரிதான் பேசுவான். உதடு பிரியாது. அவன் ஆபீசில் அவனுக்கு முனகல் என்றே பேர். சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு ஏதோ வேடிக்கை சொன்னான். அவள் சிரித்தாள். வீட்டுக்காரரும் சிரித்தார், அவள் சிரித்து முடிக்கிற சமயத்தில். ஏனோதானோ என்று ஒரு சிரிப்பு.

சூப் வந்தது. தம்பி கரண்டியைச் சுழற்றிக்கொண்டே மெல்ல ஆரம்பித்தான்.

"மாமா, எனக்கு மாத்தல் வந்திருக்கு. நல்ல வேலைதான். ஆனா தூரம். போகலாமா வேணாமான்னு ஒரே குழப்பமா இருக்கு. உங்ககிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னு இருந்தேன். நீங்க என்ன சொல்றீங்க?"

அவர் கண்ணாடிக்கு வெளியே சமையல்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கரண்டி சூப்பை ஊதிக் குடித்தார். பிறகு இருவரும் தன்னையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "சூப் நல்லா சூடா இருக்கு" என்றார்.

தம்பியின் முகம் சுருங்கிப்போனது. "பரவால்ல மாமா" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டான்.

அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. தன்னை மதிக்காவிட்டால் போகிறது, பழகிவிட்டது. இந்தப் பிள்ளை எவ்வளவு நம்பிக்கையோடு கேட்கிறது! பரிமாறுகிறவன் பக்கத்தில் நின்றதால் பல்லைக் கடித்துக்கொண்டு, உதட்டை அசைக்காமல் சீறினாள்.

"அவன் உங்ககிட்ட ஒரு விஷயம் கேட்டான். மனுஷனா இருந்தா பதில் சொல்லணும்."

"என்ன?"

"ஒண்ணுமில்ல. நீங்க சூப்பைக் குடிங்க."

தட்டையும் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அக்கா, எங்க போற?" என்றான் தம்பி.

"ஊர் உலகம் இருக்கிற இடத்துக்கு. நீங்க ரெண்டு பேரும் இந்த மீன்தொட்டியில உட்கார்ந்து நீந்துங்க."

கதவைத் திறந்ததும் இரைச்சல் அவள்மேல் வந்து விழுந்தது. முதலில் கண்ணில் பட்ட பெஞ்சின் ஓரத்தில் போய் நின்றாள். "தள்ளு, தள்ளு!" மொத்த பெஞ்சும் நகர்ந்தது. அவள் ஒரு டாக்ஸிக்காரருக்கும், வேலை முடிந்து சீருடையோடு வந்திருந்த ஒரு நர்ஸம்மாவுக்கும் நடுவில் அடங்கினாள்.

நர்ஸம்மா அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, காதோடு கேட்க வேண்டியதை ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தினாள். "என்னங்க, அழுதீங்களா?"

"இல்ல! கோவம்!" இவளும் கத்தினாள்.

"யார் மேல?"

"வீட்டுக்காரர் மேல!"

"ஓஓஓ!" என்றது மேசை முழுக்க. எதிரே இருந்த ஒருவர் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து அவள் தட்டில் போட்டார். இந்தக் கோவத்துக்கு வெறும் சூப் பத்தாதாம்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவும் முடியவில்லை. அதற்குள் முக்காலியில் ஏறியவன் எதையோ கத்த, சமையல்கட்டு சுரத்தில்லாமல் திருப்பிச் சொல்ல, கூட்டம் சும்மா விடுமா? "கோழி ரெண்டு! ரொட்டி எட்டு!" என்று அவளும் சேர்ந்து கத்தினாள். தொண்டை இதமாக எரிந்தது. எத்தனை நாளாயிற்று இப்படி வாயைத் திறந்து! திறந்த வாசல் வழியே தெருவிளக்கு தெரிந்தது. இதற்கப்புறம் கடைத்தெரு இருக்கும், டீக்கடை இருக்கும், ஆட்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். ராத்திரி என்று ஒன்று இன்னும் ஊரில் இருக்கத்தான் செய்கிறது. அதை நினைத்தபோதுதான் கோவம் இன்னும் மூண்டது. இந்த மாதிரி இடத்தில் பழைய மனிதர் இருந்திருந்தால் மேசைமேலேயே ஏறியிருப்பார். தான் மட்டும் தனியாகச் சிரிப்பது அவளுக்கே பிடிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் தம்பி வந்து ஒண்டிக்கொண்டான். பின்னாலேயே அவரும் வந்தார். இரண்டு கையிலும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, திருவிழாவில் தொலைந்த குழந்தை மாதிரி நின்றார். எதிர்ப்பக்க பெஞ்சு நகர்ந்தது. அவளுக்கு நேர் எதிரே இல்லை, நாலைந்து ஆள் தள்ளி உட்கார்ந்தார். உட்காரட்டும் என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திரும்பிப் பார்க்கையில் அவர் சமையல்கட்டில் நின்ற மாஸ்டரோடு பேசிக்கொண்டிருந்தார். வாயால் அல்ல, கையால். ஆலையில் தகரம் வெட்டுகிற இயந்திரம் ஓடினால் பக்கத்தில் நிற்கிறவன் கத்தினாலும் கேட்காது. அங்கே எல்லோரும் கையால்தான் பேசுவார்கள். அவர் கிண்ணத்தைக் காட்டி, விரல் நுனியைத் தேய்த்து, உள்ளங்கையைக் கவிழ்த்தார். உப்புப் போதவில்லை. மாஸ்டரும் நாள் முழுக்க அடுப்புச் சத்தத்தில் நிற்கிறவர், உடனே புரிந்துகொண்டார். கரண்டியை நீட்டி, வந்து நீ சமைக்கிறாயா என்று சாடை காட்டினார். இவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு எழுந்திருக்கிற மாதிரி பாவனை பண்ண, மேசையே சிரித்தது.

டாக்ஸிக்காரர் குறுக்கே குனிந்து, ஒரு பயணி தன் மாமியாரை வண்டியிலேயே மறந்துவிட்டுப் போன கதையைக் கத்திக் கத்திச் சொன்னார். முடிக்கும் முன்னாலேயே வீட்டுக்காரர் மடக்கினார். "மறந்துட்டா போனான்? நல்லா யோசிச்சுப் பாருங்க, திரும்பி வந்து கேட்டானா?" டாக்ஸிக்காரருக்குப் புரையேறிவிட்டது.

இதைப் பார்த்ததும் தம்பிக்கும் எங்கிருந்தோ தைரியம் வந்தது. உதடு பிரியாத பிள்ளை, பெஞ்சில் அரைவாசி எழுந்து வாயை அகலத் திறந்தான்.

"மாமா! எனக்கு மாத்தல் வந்திருக்கு! தூரம்! போகவா, வேணாமா?"

"அட, இதை ஏன் மாப்ளை இவ்வளவு நேரம் சொல்லல? போய்யா! பிடிக்கலன்னா திரும்பி வா! இந்த ஊர் என்ன ஓடியா போயிடப்போகுது?"

"போ! போ!" என்றது மேசை, அவன் எங்கே போகிறான் என்றே தெரியாமல்.

ரேடியோ பாடுகிறது. எல்லோரும் கேட்கிறார்கள். அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது ஆத்திரம். அப்படியானால் இவருக்குப் பேசத் தெரியும்! யாரோ டாக்ஸிக்காரனோடு பேச முடியும், சமையல்காரனோடு கைவித்தை காட்ட முடியும். அவளோடு மட்டும்தான் வயிறு, முழங்கால், தலைவலி. இத்தனை நாள் அவருக்கு அலுத்துப்போனது ராத்திரி இல்லை, தான்தான் என்று நினைத்துக்கொண்டு ரொட்டியை வெடுக்கென்று கடித்தாள்.

அப்போதுதான் நர்ஸம்மா அவரிடம் எதையோ கேட்டாள். வாயில் ரொட்டி இருந்ததால் கையால் மறைத்துக்கொண்டு கேட்டாள். அவர் புன்னகைத்தார். தலையை ஆட்டினார். பதில் சொல்லவில்லை. நர்ஸம்மா கையை எடுத்துவிட்டு மறுபடி கேட்டதும் பட்டென்று பதில் வந்தது.

அவள் மெல்லுவதை நிறுத்தினாள்.

அந்தப் புன்னகை அவளுக்குத் தெரியும். கடையில் வாரத்துக்கு ஒருவராவது அதோடு வருவார்கள். கண் மங்கியதை ஒத்துக்கொள்ள வெட்கப்பட்டு, காத்திருக்கிற நேரத்தில் சுவரில் இருக்கிற எழுத்தட்டையை உருப்போட்டுக்கொண்டு வந்து உட்காருவார்கள். கடகடவென்று ஒப்பிப்பார்கள். அவள் ஒன்றும் சொல்லாமல் அட்டையை மாற்றி மாட்டுவாள். அப்போது முகத்தில் இதே புன்னகை வரும்.

அவள் அவரைப் பார்த்துக் கையசைத்தாள். அவர் திரும்பினார். அவள் சத்தமே எழுப்பாமல், வெறும் உதட்டை மட்டும் அசைத்தாள். நாளைக்கு உங்க அக்கா குடும்பத்தோட வர்றாங்களாம்.

"ஐயையோ!" என்று அவர் அங்கிருந்து அலறினார். "ஒரு நாளா, ஒரு மாசமா?"

சத்தமே இல்லாத பேச்சுக்குப் பதில் வந்துவிட்டது. இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. வேண்டாம் என்று மனசு சொன்னது. இருந்தும் மேசைமேல் கிடந்த கைத்துணியை எடுத்து மூக்கிலிருந்து முகவாய் வரை மூடிக்கொண்டாள். தன் வாழ்நாளில் கத்தாத கத்தலாக, அந்தக் கூரையே கிடுகிடுக்கும்படி அவரைக் கூப்பிட்டாள். "என்னங்க!"

பக்கத்து மேசைக்காரர்கள்கூடத் திரும்பினார்கள். டாக்ஸிக்காரர் காதைப் பொத்திக்கொண்டார். அவர் மட்டும் அதே புன்னகையோடு, அடுத்து என்ன என்கிற மாதிரி துணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுற்றி இருந்த முகங்களைப் பார்த்தார். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்ப்பதைப் பார்த்தார். புன்னகை மெல்ல மெல்லக் கழன்றது. கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்து வாசலை நோக்கி நடந்தார்.

அவள் பின்னாலேயே ஓடினாள். தெருவில் கூட்டம் ஜேஜே என்று இருந்தது. ஷெட்டுச் சுவரோரம் அவர் போய்க்கொண்டிருந்தார்.

"எவ்வளவு நாளா?" என்று அவர் முதுகைப் பார்த்துக் கேட்டாள். முதுகு பதில் சொல்லவில்லை. இதே முதுகைப் பார்த்து எத்தனை சாயங்காலம் கத்தியிருப்பாள்! சுற்றிக்கொண்டு போய் முன்னால் நின்றாள். விளக்குக்கு அடியில் அவர் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு, மறுபடி கேட்டாள்.

"ஸ்டோருக்கு மாத்தினாங்கல்ல, அதுக்குக் கொஞ்சம் முன்னால இருந்தே. கொஞ்சம் கொஞ்சமா போச்சு. வலது காது சுத்தமா இல்ல. இடதுல ஏதோ மிச்சம் இருக்கு."

"புரமோஷன்னு சொன்னீங்க."

"அவங்களும் அப்படித்தான் சொன்னாங்க."

"எங்கிட்ட சொல்றதுக்கு என்ன கேடு?"

அவர் தெருவைப் பார்த்தார். பிறகு, பார்க்காவிட்டால் அவள் அடுத்து என்ன சொல்கிறாள் என்று தெரியாது என்பதால், திரும்ப அவள் வாயைப் பார்த்தார்.

"அமைதியா இருக்கிற இடத்துல எல்லாரும் முனகுறாங்கம்மா. தலையைக் குனிஞ்சுக்கிட்டு பேசுறாங்க. ஒண்ணும் பிடிபடல. இங்க எல்லாரும் மூஞ்சியைப் பார்த்து, வாயைத் திறந்து கத்துறாங்க. ஒருத்தனுக்கும் ஒழுங்கா கேக்கல. ஆளுக்கு ஆள் 'ஆங்? ஆங்?'ங்கறான். அதுல நானும் ஒருத்தன், அவ்வளவுதான். எவ்வளவு நாளாச்சு தெரியுமா!" கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார். "அந்த மெழுகுவத்தி ஹோட்டல்ல உன் மூஞ்சியே தெரியல. நீ ஏதோ பிரியமா பேசினேன்னு மட்டும் தெரிஞ்சுது. என்னன்னுதான் தெரியல."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அன்றைக்கு என்ன பேசினோம் என்று அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

"ஏன் சொல்லல? அதைச் சொல்லுங்க முதல்ல."

"சொன்னா நீ கூப்பிடுறதை நிறுத்திடுவ." அவர் குரல் தேவைக்குமேல் பெரிதாக இருந்தது. போகிறவர்கள் பார்த்தார்கள். "பாவம், இவருக்கு எதுக்குக் கஷ்டம்னு விட்டுடுவ. நான் வராட்டியும் நீ கூப்பிட்டுட்டே இருந்த. ஒவ்வொரு தடவையும் வந்து முன்னால நின்னு கூப்பிடுவ. அது ஒண்ணுதான் எனக்கு இருந்துச்சு. இன்னைக்கு, இனிமே கூப்பிட மாட்டேன்னு சொன்னியா, அதான் எழுந்து வந்தேன்."

அவ்வளவுதான். அழுகைதான் வரும் என்று நினைத்தாள். வந்தது வேறு.

"நல்லா இருக்கே நியாயம்! நான் கூப்பிடணும், நீங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உட்காரணும், அதுல ஒரு சுகமா? நான் என்ன நினைச்சேன்னு தெரியுமா? எம் மேலேயே உங்களுக்கு வெறுத்துப் போச்சுன்னு நினைச்சேன். பாத்திரம் கழுவும்போதெல்லாம் அதைத்தான் நினைச்சேன். நாள் பூரா ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடுறவ நான். எம் புருஷனுக்கு ஒரு காது மெஷின் வாங்கி மாட்டி விட எனக்கு வெட்கமா இருக்குமா? உங்களுக்கு மூளை இருக்கா?"

"வா, நடந்துக்கிட்டே பேசலாம்" என்றார் அவர். கடைத்தெருப் பக்கம் கையைக் காட்டினார்.

அவள் திரும்பி ஷெட்டைப் பார்த்தாள். வாசலில் நின்றிருந்த தம்பி, நீங்க போங்க என்று கையை ஆட்டிவிட்டு உள்ளே ஓடினான். யாரோ அவனை முக்காலியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்தில் நடந்தால் அவருக்கு வாய் தெரியாது. அதனால் அவள் அவருக்கு முன்னால் போய், அவரைப் பார்த்தபடி பின்னோக்கி நடக்க ஆரம்பித்தாள். பழக்கடை, செருப்புக்கடை, டீக்கடை என்று எல்லாக் கடை வெளிச்சமும் அவள் முகத்தில் விழுந்துகொண்டே வந்தது. வாயை நன்றாகத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாக, ஒன்றுகூட வீணாகாமல் திட்டினாள். நாளைக்கே காது டாக்டரிடம் போயாக வேண்டும் என்றாள். எருமை என்றாள். அழுத்தக்காரர் என்றாள். இத்தனை ராத்திரியை யார் திருப்பித் தருவார்கள் என்று கேட்டபோது மட்டும் அவள் வாய் கோணிக்கொண்டு போயிற்று. ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். சிலர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர் இரண்டு கையாலும் அவள் முழங்கைகளைப் பிடித்துக்கொண்டு, கம்பத்தில் மோதாமல், சைக்கிளில் மோதாமல் அவளைத் திருப்பித் திருப்பி நடத்திக்கொண்டு வந்தார்.

ஒரு இடத்தில் அவளுக்கே மூச்சு வாங்கியது. சுற்றிலும் பார்த்தாள். நடுத்தெருவில் கட்டின புருஷனை இப்படி வாங்கு வாங்கென்று வாங்குகிறோமே என்று கூச்சமாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டாள்.

"ஏன் நிறுத்திட்ட?" என்றார் அவர், அவள் வாயைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "சொல்லு. இன்னைக்குத்தான் முழுசா கேக்குது."